33 இன்ச் டயர் லீகலா இல்லையா: 50 மிமீ கணக்கு

02.03.2024, ஒரு வாசகர் கேட்டது

ஆஸ்திரேலியாவுல இருக்கேன். டபுள் கேப் பிக்கப், ஃபோர் வீல் டிரைவ், கம்பெனி டயர் 265/65ஆர்17. சஸ்பென்ஷன் ரெண்டு இன்ச் லிஃப்ட் (வண்டியை உயர்த்துறது) ஏற்கனவே பண்ணியாச்சு. இப்ப 285/70ஆர்17, அதாவது 33 இன்ச்னு சொல்ற சைஸ், போடலாம்னு இருக்கேன். டயர் விக்கிறவர் "எல்லாரும் போடுறாங்க, அதெல்லாம் லீகல்தான்"ங்கிறார். கூட வேலை பாக்குறவர் 33 இன்ச்னாலே இல்லீகல்ங்கிறார். யாரை நம்புறது?

02.03.2024

ரெண்டு பேரையும் நம்ப வேணாம். சட்டத்துல 33ங்கிற நம்பரே கிடையாது. ஒரு வண்டிக்கு 33 லீகலா இருக்கும், பக்கத்துல நிக்கிற இன்னொரு வண்டிக்கு 32 கூட ஆகாது.

ஆஸ்திரேலியாவுல வண்டியை மாத்துறதுக்குன்னு ஒரு தேசிய விதித்தொகுப்பு இருக்கு, விஎஸ்பி 14ன்னு சொல்லுவாங்க. அதுல எல்எஸ் செக்‌ஷன்தான் டயர், ரிம், சஸ்பென்ஷன், ஸ்டியரிங் எல்லாத்துக்கும். கம்பெனி அந்த வண்டிக்குன்னு குறிச்சிருக்கிற டயர் சைஸ்கள்ல பெருசு எதுவோ, அதோட முழு விட்டத்தை விட 50 மிமீ வரைக்கும் கூட போகலாம், ஆஃப்ரோடு வகை வண்டிக்கும் ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்புக்கும். சாதா காருக்கு 15 மிமீதான். அவ்வளவுதான் விஷயம், மீதியெல்லாம் கழித்தல் கணக்கு.

02.03.2024, ராத்திரி

கணக்கையும் போட்டுடறேன், இல்லன்னா நாளைக்கு நாலு பேர் வந்து கேப்பாங்க.

265/65ஆர்17ன்னா டயர் அகலம் 265 மிமீ, பக்கச்சுவர் உயரம் அதுல 65 சதவீதம், அதாவது 172.25. மேல ஒண்ணு கீழ ஒண்ணு, ஆக 344.5. நடுவுல 17 இன்ச் ரிம், 431.8 மிமீ. மொத்தம் 776.3. இதுல 50 கூட்டுனா 826.3, அதுதான் உங்க கூரை, அதாவது உச்ச எல்லை.

285/70ஆர்17க்கு அதே கணக்கு போட்டா 399 ப்ளஸ் 431.8, 830.8 வருது. நாலரை மிமீ ஓவர்! இதுதான் இந்த சைஸோட கூத்து, பாக்கிறதுக்கு பொருந்துது, லிஃப்ட் பண்ணா உரசுறதும் இல்ல, ஆனா பேப்பர்ல நிக்காது.

275/70ஆர்17 போட்டா 816.8, உள்ள வந்துடும். 265/70ஆர்17 போட்டா 802.8, தாராளமா வந்துடும்.

03.03.2024

"நாலரை மிமீ எல்லாம் எந்த போலீஸ் அளக்கப்போறான்"னு ஒருத்தர் கேட்டிருக்கார். அளக்க மாட்டாங்கதான். டயர் சுவர்ல சைஸ் பெருசா அச்சடிச்சிருக்கு, டிரைவர் கதவுப் பக்கம் கம்பெனி குறிச்ச டயர் விவரத்தோட பிளாக்கார்டு ஒட்டியிருக்கு, ரெண்டையும் படிச்சா போதும், டேப் எதுக்கு. ரோட்டுல நிறுத்துறவரை விடுங்க, விபத்து ஆகி இன்சூரன்ஸ் அசெஸ்ஸர் வர்றார் பாருங்க, அவருக்கு அவசரமே கிடையாது, உக்காந்து நிதானமா படிப்பார். மாடிஃபிகேஷனை சொல்லாம விட்டிருந்தா க்ளெய்ம்ல கை வைக்க அவருக்கு அது ஒண்ணே போதும். டயர் சட்டத்துக்குள்ள இருந்தாலும் சொல்லித்தான் ஆகணும், அது வேற.

03.03.2024

மேல எழுதினதுல ஒரு விஷயம் அழுத்தி சொல்லாம விட்டுட்டேன். "கம்பெனி அந்த வண்டிக்குன்னு குறிச்சிருக்கிற டயர்ல பெருசு". உங்க வண்டியில வந்ததுன்னு இல்ல, அந்த மாடலுக்கு கம்பெனி குறிச்சதுல பெருசு. அதே மாடல்ல மேல் வேரியன்ட்டுக்கு 265/70ஆர்17 குடுத்திருந்தா உங்க ஆரம்பப் புள்ளி 802.8 ஆயிடும், கூரை 852.8க்கு போயிடும், 285/70 நிம்மதியா உள்ள உக்காந்துக்கும். அதனாலதான் ஒருத்தர் "எனக்கு லீகல்"ங்கிறார், இன்னொருத்தர் "எனக்கு டிஃபெக்ட் நோட்டீஸ் (வண்டி விதிப்படி இல்லங்கிற நோட்டீஸ்) குடுத்தாங்க"ங்கிறார், ரெண்டு பேரும் பொய் சொல்லல.

ஆனா மாடல், சீரிஸ் ரெண்டும் ஒண்ணா இருக்கணும். போன தலைமுறை வண்டிக்கு குடுத்த சைஸை இந்த தலைமுறைக்கு காட்ட முடியாது.

05.03.2024

"என் வண்டியும் ஃபோர் வீல் டிரைவ்தானே, எனக்கும் 50தானே"ன்னு ஒரு எஸ்யூவி காரர். பொறுங்க. நாலு சக்கரமும் ஓடுறதால மட்டும் சட்டத்துக்கு அது ஆஃப்ரோடு வண்டி ஆயிடாது. அங்க எம்ஏன்னா பாசெஞ்சர் கார், எம்சின்னா ஆஃப்ரோடு பாசெஞ்சர் வாகனம். எம்சி வேணும்னா ஃபோர் வீல் டிரைவ் இருக்கணும், அப்புறம் இந்த அஞ்சுல குறைஞ்சது நாலு தேறணும், எல்லாமே குறைந்தபட்ச அளவு: அப்ரோச் ஆங்கிள் (முன்பக்கம் இடிக்காம ஏறுற கோணம்) 28 டிகிரி, பிரேக்ஓவர் (நடுவயிறு தட்டாம கடக்குற கோணம்) 14, டிபார்ச்சர் (பின்பக்கம் இடிக்காம இறங்குற கோணம்) 20, ரன்னிங் கிளியரன்ஸ் (வண்டி அடிக்கும் தரைக்கும் இடைவெளி) 200 மிமீ, ஆக்சில் கிளியரன்ஸ் (ஆக்சிலுக்கு கீழ இடைவெளி) 175 மிமீ. நீங்க அளந்து பாத்துட்டு இருக்க வேணாம், வண்டியோட பிளேட்லயோ அப்ரூவல் பதிவுலயோ வகை போட்டிருக்கும். எம்ஏன்னு இருந்தா உங்களுக்கு 15 மிமீ, நாலு சக்கரமும் ஓடினாலும் சரி. ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் சரக்கு வண்டி வகை, பெரும்பாலும் என்ஏ, அதுக்கு 50.

05.03.2024

கேள்வி கேட்ட தம்பிக்கு: "ரெண்டு இன்ச் லிஃப்ட்"னு எழுதியிருந்தீங்க. ரெண்டு இன்ச்னா 50.8 மிமீ. சர்ட்டிஃபிகேட் இல்லாம சஸ்பென்ஷன்ல ஏத்துறதுக்கு பல மாநிலத்துல எல்லை 50. :) கிட் பெட்டியில 40னோ 50னோ மிமீல போட்டிருக்கும், பாருங்க. புது ஸ்பிரிங் வேற முதல்ல கொஞ்சம் தூக்கிட்டுத்தான் நிக்கும், சுமை ஏத்தி ஓடினப்புறம்தான் உக்காரும், அதனால கிட்ல போட்ட நம்பரும் வண்டி நிக்கிற உயரமும் ஒண்ணா இருக்கணும்னு அவசியம் இல்ல.

டயர் 50 மிமீ பெருசானா வண்டி 25 மிமீதான் உயரும், ஏன்னா மையத்துலருந்து கீழ பாதிதானே. சஸ்பென்ஷன் 50, டயர் 25, மொத்தம் 75. அந்த "75 மிமீ"ன்னு எல்லாரும் சொல்ற நம்பர் இங்கருந்துதான் வருது. இதை தனியா 75 லிஃப்ட், தனியா 50 டயர்னு புரிஞ்சுக்கிட்டு செலவு பண்ணவங்க இருக்காங்க.

75க்கு மேல போகணும்னா சர்ட்டிஃபை பண்ற இன்ஜினியர்கிட்ட போகணும். நியூ சவுத் வேல்ஸ்ல விஎஸ்சிசிஎஸ், விக்டோரியால வாஸ், குயின்ஸ்லாந்துல அப்ரூவ்டு பர்சன், பேருதான் வேற. லேன் சேஞ்ச் டெஸ்ட் கேப்பாங்க, நிஜமாவே வண்டியை கோன்களுக்கு நடுவுல வேகமா வளைச்சு ஓட்டிப் பாக்கிற டெஸ்ட், பேப்பர்ல சீல் குத்துற வேலை இல்ல.

08.03.2024

ஏன் 50, ஏன் 60 இல்லன்னு ஒரு நல்ல கேள்வி. அந்த நம்பரை ஏன் தேர்ந்தெடுத்தாங்கங்கிறதை விட்டுட்டு டயர் பெருசானா என்ன மாறுதுன்னு பாப்போம், அது எனக்கு கையில பட்ட விஷயம்.

முதல்ல ஸ்பீடோமீட்டர். ஆஸ்திரேலிய வண்டித் தர விதியான ஏடிஆர் 18/03படி மீட்டர் நெஜ வேகத்தை விட குறைச்சு காட்டவே கூடாது. கூட காட்டலாம், பத்து சதவீதம் ப்ளஸ் 4 கிமீ வரைக்கும். நெஜமா 100ல போனா 114 காட்டினாலும் பரவால்ல, 99 காட்டினா ஃபெயில். ஐநா ரெகுலேஷன் 39லயும் இதேதான், அதனால பல நாட்டுக்கும் பொருந்தும். அதனாலதான் எல்லா கம்பெனியும் கொஞ்சம் கூடவே காட்ற மாதிரி செட் பண்ணி அனுப்புறாங்க.

என் வண்டியும் 265/65ஆர்17தான் வந்துச்சு. மீட்டர் 100 காட்டும்போது ஜிபிஎஸ்ல 95. 265/70 மாத்தினப்புறம் மீட்டர் 100, ஜிபிஎஸ் 98. நல்லதுதானே, முன்னாடியை விட சரியா காட்டுது. அதே இடத்துல 285/70 போட்டிருந்தா 95ஐ 1.07ஆல பெருக்குங்க, 101.7. இப்ப மீட்டர் பொய் சொல்லுது, அதுவும் சட்டம் ஒத்துக்காத பக்கமா. ஸ்பீடு கேமராவுக்கு உங்க மீட்டர் என்ன காட்டுச்சுன்னு தெரியாது.

ஓடோமீட்டரும் அதே ஏழு சதவீதம் கம்மியா எண்ணும். "டயர் மாத்தினதுலருந்து மைலேஜ் குறைஞ்சு போச்சு"ன்னு சொல்றவங்கள்ல பாதி பேருக்கு குறைஞ்சது மைலேஜ் மட்டும் இல்ல, கிலோமீட்டர் எண்ணிக்கையும்தான்.

08.03.2024

தொடர்ச்சி. கியர். உங்க டிஃபரன்ஷியல் ரேஷியோ (ஆக்சில்ல இருக்கிற கடைசி கியர் விகிதம்) 4.1னு வச்சுக்கோங்க, டயர் ஏழு சதவீதம் பெருசானா அது 3.83 மாதிரி நடந்துக்கும். ஹைவேல ஆர்பிஎம் குறையுதேன்னு முதல்ல சந்தோஷமா இருக்கும், டிரெய்லர் மாட்டிட்டு ஏத்தத்துல போனா தெரியும் சேதி. ஆட்டோமேட்டிக்னா மேல் கியர்ல நிக்காம கீழ மேலன்னு தேடிட்டே இருக்கும், கியர்பாக்ஸ் ஆயில் சூடு ஏறும்.

பிரேக்தான் யாரும் பேசாத ஐட்டம். பிரேக் காலிப்பர் குடுக்கிற முறுக்கு விசை அதேதான், ஆனா அது தரையில போய் சேர்ற தூரம் கூடுது, அதனால அதே மிதிக்கு தரையில கிடைக்கிற நிறுத்துற விசை ஏழு சதவீதம் குறையுது. அதுக்கு மேல டயர் எடை. மட் டெரெய்ன் (சேறுக்கான) எல்டி டயர், அதாவது லைட் டிரக் டயர், கம்பெனி டயரை விட ஒவ்வொண்ணும் பல கிலோ கூட இருக்கும், அதுவும் வெளி விளிம்புல இருக்கிற எடை, சுத்தவும் கஷ்டம், சுத்தறதை நிறுத்தவும் கஷ்டம். ஏபிஎஸ், ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் ரெண்டுக்கும் சக்கரம் சுத்துற வேகம்தான் கண்ணு, அந்த கணக்கும் லேசா பிசகும்.

09.03.2024

"போட்டு அஞ்சு வருஷமா ஓட்டறேன், ஒண்ணும் ஆகல." சரி சார்.

11.03.2024

ஒரு நண்பர் சுவாரசியமா ஒரு பாயின்ட் வச்சிருக்கார். அவர் வண்டியில மாட்டின 285/70ஐ தரையிலருந்து மேல் விளிம்பு வரைக்கும் டேப் வச்சு அளந்திருக்கார், 815 வருதாம். 826க்குள்ள இருக்கு, அப்ப லீகல்தானேங்கிறார்.

அது சுமையில அமுங்கின உயரம். வண்டி எடையில டயர் கீழ் பக்கம் சப்பையா நிக்கும், காத்து எவ்வளவு இருக்குங்கிறதை பொறுத்து அளவு மாறும். ஒப்பிட வேண்டியது சுமை இல்லாத முழு விட்டம், டயர் கம்பெனியோட டேட்டா ஷீட்ல இருக்கும். அதுலயும் ஒரே சைஸ்ல பிராண்டுக்கு பிராண்டு சில மிமீ வித்தியாசம் வரும், மட் டயர்ல ரப்பர் கட்டைகள் ஆழம், அதனால கொஞ்சம் கூடவே இருக்கும். எல்லையில ஒட்டி நிக்கிற சைஸை வாங்காதீங்க, அவ்வளவுதான் சொல்லுவேன். சுசுகி ஜிம்னி காரங்களுக்கு இது நல்லா பொருந்தும்: கம்பெனி 195/80ஆர்15, 693 மிமீ. 235/75ஆர்15 போட்டா 733.5, சரி. 225/75ஆர்16 போட்டா 743.9, கூரை 743. பாயின்ட் ஒம்பது மிமீக்கு யார்கிட்ட போய் வாதாடுவீங்க?

11.03.2024

இந்தியாவுல எப்படின்னு ரெண்டு மூணு பேர் கேட்டாச்சு.

அங்க இந்த 50 மிமீ சலுகை மாதிரி ஒண்ணும் சட்டத்துல இல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: ஆர்சில இருக்கிற விவரம் கம்பெனி குடுத்த ஸ்பெசிஃபிகேஷன்லருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக்கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் இதை கறாரா சொல்லிடுச்சு, அதுக்கு முன்னாடி கேரளா ஹைகோர்ட் கொஞ்சம் இளக்கமா பாத்திருந்தது, அதை மாத்தி எழுதினாங்க. அதே வருஷம் வந்த திருத்தத்துல 182ஏ சேத்தாங்க, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். டயர் சைஸுக்கும் பிளை ரேட்டிங்குக்கும் தனியா மத்திய மோட்டார் வாகன விதி 95 இருக்கு.

அதனால அங்க பாதுகாப்பான வழி ஒண்ணுதான், அந்த மாடலுக்கு கம்பெனியே குடுக்கிற சைஸ்களுக்குள்ள மாத்திக்கிறது. 2020ல வந்த மஹிந்திரா தார்ல பாருங்க, ஒரு வேரியன்ட்டுக்கு 245/75ஆர்16, 774 மிமீ. மேல் வேரியன்ட்டுக்கு 255/65ஆர்18, 789 மிமீ. கீழ் வேரியன்ட் வச்சிருக்கிறவர் ரிம்மோட மேல் வேரியன்ட் சைஸுக்கு போனா காட்ட ஒரு ஆதாரமாவது கையில இருக்கும். 35 இன்ச் மாட்டிட்டு வர்ற தாருக்கு எந்த ஆதாரமும் இல்ல, ஃபோட்டோவுக்கு லைக் மட்டும்தான்.

12.03.2024

எதிர்ப்பக்கமும் சொல்லணும்ல. ஐஸ்லாந்துல 38 இன்ச், 44 இன்ச் டயர் போட்ட ஜீப்பெல்லாம் நம்பர் பிளேட்டோட ரோட்டுல ஓடுது. பனி மேல மிதந்து போறதுக்கு அவ்வளவு பெரிய டயர் வேணும், அதனால முறையா மாத்தி, இன்ஸ்பெக்‌ஷன் பண்ணி, பதிவு பண்ணிக்கிற வழியை அங்க வச்சிருக்காங்க. அங்க கியர், பாடி, ஸ்பீடோமீட்டர் எல்லாம் சேத்து மாத்துறாங்க, டயரை மட்டும் இல்ல. நம்மாளு டயரை மட்டும் மாட்டிட்டு "ஐஸ்லாந்துல ஓடுதே"ங்கிறான்.

16.03.2024

உரசல் பத்தி. ஷோரூம்லயோ கடையிலயோ லெவல் தரையில ஸ்டியரிங்கை ஒடிச்சுப் பாத்துட்டு "உரசல சார்"னு அனுப்பிடுவாங்க. அது டெஸ்டே இல்ல. ஒரு பக்க முன் சக்கரத்தை ராம்ப் மேல ஏத்தி, சஸ்பென்ஷன் முழுசா அமுங்கின நிலையில ரெண்டு பக்கமும் முழுசா ஒடிக்கணும், ரிவர்ஸ்லயும் ஒரு தடவை. என் வண்டியில 265/70 போட்டப்புறம் இப்படி பாத்தப்ப வீல் ஆர்ச்சுக்குள்ள இருக்கிற பிளாஸ்டிக் லைனர்ல, பின்பக்கம் மட் ஃப்ளாப் திருகுற இடத்துக்கு மேல, ஒரு கை அகலத்துக்கு அழுக்கெல்லாம் போய் பளபளன்னு கருப்பா தேஞ்சிருந்துச்சு. ஓட்டும்போது சத்தமே கேக்கல. லைனரை ஹீட் கன்ல சூடு பண்ணி உள்ள தள்ளி விட்டோம், முடிஞ்சது.

285/70க்கு பல லேடர் ஃப்ரேம் வண்டியில (தனி சேஸிஸ் மேல பாடி உக்கார்ற வண்டி) லைனரோட நிக்காது, அதுக்கு பின்னாடி இருக்கிற பாடி மவுன்ட்டை வெட்டி வெல்டு வைக்கிற வரைக்கும் போகும். "பாடி மவுன்ட் சாப்"னு ரொம்ப சாதாரணமா சொல்லுவாங்க. பாடியும் சேஸிசும் சேர்ற இடம் அது. டயருக்காக ஆரம்பிச்சு ஸ்ட்ரக்சர்ல கை வச்சாச்சு, இனிமே இன்ஜினியர் இல்லாம பேசவே முடியாது.

ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவுல ஸ்பேசர் போட்டு டயரை வெளிய தள்ளிடலாம்னு ஐடியா குடுத்தவருக்கு: வெளியிலருந்து வாங்கிப் போடுற வீல் ஸ்பேசர் விஎஸ்பி 14ல அனுமதி கிடையாது. டயர் ஆர்ச்சை விட்டு வெளிய நீட்டிட்டு நிக்கவும் கூடாது, ஃப்ளேர் (ஆர்ச் மேல மாட்டுற விளிம்பு) போட்டு மூடணும். அதுவும் போக டயர் வெளிய போகப்போக, ஒடிக்கும்போது இன்னும் பெரிய வட்டம் போடும், உரசல் கூடத்தான் செய்யும்.

17.03.2024

லோடு இன்டெக்ஸை (டயர் எவ்வளவு எடை தாங்கும்ங்கிற குறியீட்டு எண்) மறந்துட்டு சைஸை மட்டும் பேசிட்டிருக்கோம். பிளாக்கார்டுல 112ன்னு இருந்தா ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். புது டயர் அதுக்கு குறையக்கூடாது. எல்டி டயர்ல 121/118னு ரெண்டு நம்பர் இருக்கும், முதல் நம்பர் ஒத்தை டயருக்கு, அடுத்தது ரெட்டை டயருக்கு. 121ன்னா 1,450 கிலோ, ஆனா அது அந்த டயரோட முழு காத்துக்கு. கதவுல எழுதின பழைய பிரஷரையே எல்டி டயருக்கும் வச்சா அதே சுமையை தாங்காது, சூடாகும். சுமையோட நீண்ட தூரம் போறவங்க டயர் கம்பெனியோட லோடு டேபிளை பாத்து பிரஷர் வையுங்க.

19.03.2024

ரெண்டு நாளா ஒரு யோசனை. நான் 265/70க்கு போனதே தேவையான்னு. ரெண்டு சைஸுக்கும் விட்டத்துல வித்தியாசம் 26.5 மிமீ, டிஃபரன்ஷியலுக்கு கீழ கிடைச்சது 13 மிமீ. ஒரு சுண்டுவிரல் தடிப்பு. மணல்ல எனக்கு உபயோகமானது அந்த 13 மிமீ இல்ல, காத்தை 18 பிஎஸ்ஐக்கு இறக்கினதுதான். கல்லு ரோட்டுல உபயோகமானது ஆல் டெரெய்னோட கெட்டியான பக்கச்சுவர். ரெண்டும் கம்பெனி சைஸ்லயே கிடைக்கும். ஆனாலும் திருப்பி மாத்த மாட்டேன், வீல் ஆர்ச் நிறைஞ்சு நிக்கிறது பாக்க அழகா இருக்கு, அதுவும் ஒரு காரணம்தான்.

24.03.2024

தம்பி 265/70 நாலு ஆர்டர் பண்ணிட்டாராம், வாழ்த்துகள். ஸ்டெப்னிக்கு பழைய 265/65ஐயே வச்சுக்கலாமான்னு கேக்கிறார்.

அஞ்சாவது வாங்கிடுங்க. பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ்னா டூ வீல்ல வச்சு மெதுவா அடுத்த டயர் கடை வரைக்கும் போயிடலாம், ஆனா நீங்க பங்சர் ஆகப்போறது ஃபோர் வீல் தேவைப்படுற இடத்துலதான். அங்க மூணு சக்கரம் ஒரு விட்டம், ஒண்ணு வேற விட்டம்னா டிரைவ்லைன் முறுக்கிக்கும். ஃபுல் டைம்னா சென்டர் டிஃப் (முன், பின் ஆக்சிலுக்கு நடுவுல இருக்கிற டிஃபரன்ஷியல்) வேலை செஞ்சுகிட்டே இருக்கும், சூடாகும்.

வாங்கறதுக்கு முன்னாடி வண்டிக்கு அடியில இடம் இருக்கான்னு பாருங்க. கீழ தொங்கற ஸ்டெப்னி பெருசானா சைலன்சர் பைப் பக்கம் இடிக்கும், சங்கிலியை முழுசா இழுத்து டைட் பண்ண முடியாம தொங்கிட்டே வரும். மாட்டினதும் வீல் நட்டை 100 கிமீக்குள்ள ஒரு தடவை திருப்பி டார்க் பண்ணுங்க (சரியான இறுக்கத்துக்கு முறுக்குங்க), அலைன்மென்ட் பாருங்க, ஹெட்லைட் வெளிச்சத்தை கீழ இறக்குங்க, லிஃப்ட் பண்ணதுலருந்தே எதிர்ல வர்றவன் கண்ணுலதான் அடிச்சிட்டிருக்கும். டயர் டேட்டா ஷீட்டை பிரிண்ட் எடுத்து டாஷ்போர்டுல போட்டுட்டு, இன்சூரன்ஸ்காரங்களுக்கு லிஃப்ட், டயர் ரெண்டையும் எழுத்துல தெரியப்படுத்திடுங்க. ஃபோன்ல சொன்னா போதாது.